பெயர் போட்டவரே பொறுப்பு

அவைக்குத் தலைமை தாங்கி, கையில் மணியோடும் முகத்தில் பொறுமையோடும் வீற்றிருக்கும் தங்கராசா ஐயா அவர்களே, மேடைக்கு அழகூட்டும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் என் அன்புத் தாய்மார்களே, பந்தலுக்குள் வராமல் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கேட்கும் தம்பிமாரே, முன்வரிசையில் கூச்சத்தோடு இருக்கும் எங்கள் செபஸ்தியாம்பிள்ளை அண்ணன் அவர்களே! உங்கள் மாதர் சங்கத் தலைவி சீதேவி, இரு கரம் குவித்து வணங்குகிறேன்.

"சுருக்கமாப் பேசுங்க மச்சாள்" என்று மோட்டார் சைக்கிள் பக்கமிருந்து சதீஸ் சொல்வது இங்கே கேட்கிறது. பேச்சைச் சுருக்கலாம் மச்சான். பெருமையைச் சுருக்கு என்றால் அது என்னால் ஏலாது.

மீன் பாடும் வாவி, மீன் பாடும் வாவி என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறோம்! அந்த மீனுக்குப் பக்கத்தில் என்ன படுத்துக் கிடந்தது தெரியுமா? பிளெண்டர்! போன மாரியில் வெள்ளம் வடிந்த கையோடு, செபஸ்தியாம்பிள்ளை அண்ணன் வீச்சுவலையைத் தோளில் போட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். காலால் தடவித் தடவி இறால் பார்ப்பவர் அவர். காலில் தட்டுப்பட்டது இறாலா? இல்லை. சாடி உடைந்து வெளியே நீட்டி நின்ற பிளெண்டரின் கத்தி. குதிகால் இரண்டாகப் பிளந்தது.

அந்தப் பிளெண்டரைத் தூக்கி அடியைப் புரட்டினால் அங்கே ஒரு பெயர். கலியாணத்துக்குக் கொடுக்கும் பொருளின் அடியில் கொடுத்தவர் பெயரைப் பெயின்றால் எழுதுவது நம் வழக்கமல்லவா? மாப்பிள்ளை பெண் மறந்தாலும் பொருள் மறக்காது. வெள்ளம் வேலியைக் கொண்டுபோயிற்று, கோழிக்கூட்டைக் கொண்டுபோயிற்று, அந்தப் பெயின்றை மட்டும் தொடவில்லை. "அன்பளிப்பு: கோணாமலை குடும்பத்தினர்."

அண்ணனின் மனைவி அஞ்சலா அதைக் கொண்டுபோய்க் கோணாமலை அண்ணன் வீட்டு வாசலில் வைத்தாள்.

"உங்கட பேர் போட்ட சாமான். என்ட மனிசன்ட காலக் கிழிச்சிட்டு. இனி அவர் வாவியில கால் வைக்கப்படா. நான் விடமாட்டன்."

"நான் குடுத்தது கலியாணத்துக்குப் புள்ள, வாவிக்கு இல்ல" என்றார் அவர்.

அன்று மாலையே சங்கம் கூடியது. அந்தக் கலியாணப் பெண் விதுர்ஷா அழுதுகொண்டே வந்தாள். "ரெண்டாம் வருசமே நிண்டு போச்சு மாமி. செங்கலடியில திருத்துற கடைக்குக் கொண்டுபோனம். இதத் திறக்க ஏலா, புதுசு வாங்குங்க எண்டு சொல்லிப்போட்டாங்க. வளவுக்குப் பின்னால வச்சிருந்தம், வெள்ளம் கொண்டு போயிற்று."

யார் குற்றவாளி? கொடுத்தவரா? வாங்கியவளா? வந்த வெள்ளமா? அந்தப் பொருளில் ஒரு திருகாணி இல்லை. சுற்றிலும் ஒட்டி மூடியிருந்தது. கோடரியால் கொத்தித் திறந்தோம். உள்ளே தேய்ந்து போயிருந்தது, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் விரல்நுனி அளவு கரித்துண்டு. அது ஒன்றை மாற்ற வழியில்லாமல் முழுப் பொருளும் குப்பையாயிற்று, ஒரு மனிதனின் காலும் பிளந்தது. எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்லி முடிக்க முடியாது.

அப்போது எழுந்தார் கோணாமலை அண்ணன். "பேர் என்ட பேர்தானே. திருத்த ஏலாத சாமானுக்குப் பேரப் போட்டது என்ட பிழை. இனி நான் பேர் போட்டுக் குடுத்தா, அது பாவனையில இருக்கும் வரைக்கும் திருத்திக் குடுக்கிறது என்ட பொறுப்பு."

அந்த ஒரு வார்த்தை, அன்பர்களே, ஊரின் சட்டமாயிற்று! பெயர் போட்டவரே பொறுப்பு. அன்பளிப்பாய்க் கொடுத்தவரே அதைத் திருத்தவும் வேண்டும். சட்டம் போட்ட கிழமையே நம் பெண்களின் கண் மாறிவிட்டது. கடையில் நிறத்தைப் பார்ப்பதில்லை, பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்ப்பதில்லை. பொருளைத் தலைகீழாகப் புரட்டித் திருகாணியைத் தேடுகிறார்கள். கழற்றலாமா? பூட்டலாமா? பாகம் கிடைக்குமா?

கடைக்கார இப்றாஹிம் நானாவுக்குத் தலை சுற்றியது. "என்னக்கா, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிப் பார்க்கிறீங்க?"

எங்கள் சங்கத்துக் கேதீஸ்வரி சொன்னாள்: "மாப்பிள்ளையையும் இப்பிடிப் பார்த்து எடுத்திருக்கணும் நானா."

சிரியுங்கள், சிரியுங்கள். மூன்றாம் வரிசையில் இருக்கும் அவளுடைய கணவரை மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள், பாவம்.

இன்று அதே நானா, பாகங்களுக்கென்றே தனி அலுமாரி வைத்திருக்கிறார். இன்று ஐந்து வீடு சேர்ந்து ஒரே ஒரு நல்ல கிரைண்டர் கொடுக்கிறோம். விதுர்ஷாவுக்கும் அப்படி ஒன்று கொடுத்தோம். அதன் சுவிட்ச் போனபோது, அதிலும் பெயர் போட்டிருந்த கோணாமலை அண்ணனே மாற்றிப் பூட்டினார். இன்று காலையும் அவள் வீட்டில் உழுந்து அரைத்தது அதில்தான். பழையதைத் திருத்திப் பாவிப்பது ஏழ்மையா? ஒருக்காலும் இல்லை! எறிந்துவிட்டு வாங்குகிறவனுக்குக் காசு இருக்கலாம். திருத்தி ஆளுகிறவளுக்குக் கெட்டித்தனம் இருக்கிறது, கௌரவம் இருக்கிறது, காலத்தை வெல்லும் கைராசி இருக்கிறது!

வாவிக் கரையையும் விட்டுவைக்கவில்லை. தோணி விட்டு, கயிறு கட்டி, சேற்றுக்குள் கிடந்ததையெல்லாம் றைஸ் குக்கரும் கேத்தலும் கிரைண்டருமாய் வெளியே இழுத்துக் குவித்தோம். ஆனால் செபஸ்தியாம்பிள்ளை அண்ணன் மட்டும் இறங்கவில்லை. கால் ஆறியும் இறங்கவில்லை. அஞ்சலா விடவில்லை. மரத்தடியில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்தினார். வாவியைப் பார்க்காமல் முதுகைக் காட்டி இருப்பார். அதைக் காணும்போதெல்லாம், எங்கள் சட்டம் வெறும் பேச்சுத்தானோ என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

போன திங்கட்கிழமை விடிய, நான் கரைக்குப் போனேன். அண்ணன் வலையோடு தண்ணீருக்குள் நிற்கிறார். கரையில் அஞ்சலா நிற்கிறாள்.

"நீயா விட்டாய்?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. கரைத் தண்ணியெல்லாம் நானும் இறங்கி நடந்து பார்த்தன். காலில ஒண்டும் தட்டுப்படல்ல" என்றாள்.

"அண்ணன், சப்பாத்துப் போட்டிருக்கிறீங்களா?" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பிச் சிரித்தார். "சப்பாத்துப் போட்டா இறால் படுத்திருக்கிறது காலுக்குத் தெரியா தங்கச்சி."

வெறுங்கால், அன்பர்களே! கிழிபட்ட அதே காலை, வெறுங்காலாக, நம் எல்லாரையும் நம்பி அந்தச் சேற்றில் வைத்திருந்தார். எந்த அரசாங்கம் எந்தப் பொன்னாடை போர்த்தினாலும் இந்த ஊருக்கு அதைவிடப் பெரிய மரியாதை உண்டா? நாளைக்கு ஒரு கலியாணத்துக்குப் பொருள் வாங்கி, பெயர் எழுதத் தூரிகையை எடுக்கும்போது, ஒரு நிமிடம் அந்தக் காலை நினையுங்கள். நினைத்துவிட்டு, தைரியமாகப் பெயரை எழுதுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மணியை அடிக்காமல் விட்ட தலைவர் ஐயாவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.