கண்ணற்ற மீனின் நிறம்

எங்கள் வீட்டில் குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூடியிட்ட எவர்சில்வர் பானையில் நிரப்பிவைப்பது முப்பத்தெட்டு ஆண்டுகளாக நடந்துவரும் ஒழுங்கு. தோல் கழிவு இறங்கிய ஆம்பூரின் நிலத்தடி நீரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் இவ்வூர்க் காவல் நிலையத்தில்தான் தேநீர் அருந்துகிறீர்கள். இதை முதலிலேயே எழுதக் காரணம் உண்டு. என்மீது கொடுக்கப்பட்ட புகாரில் 'அசுத்தமான தண்ணீர்' என்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். மற்றவற்றை வரிசைப்படி விளக்குகிறேன்.

உதவி ஆய்வாளர் பூர்ணிமா அவர்களே, என் வாக்குமூலத்தை நிலைய எழுத்தர் எழுதுவார் என்றீர்கள். அவர் எழுதிய முதல் இரண்டு வரிகளைப் படித்தேன். மீதியை நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் கமலம். வயது அறுபத்தொன்பது. மகளிர் கல்லூரியில் முப்பத்தோராண்டுகள் விலங்கியல் கற்பித்தேன். என் கணவர் சம்பந்தத்துக்கு எழுபத்துநான்கு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் தோல் தொழிற்சாலையின் பினிஷிங் பிரிவில் கலர் மாஸ்டராக இருந்தவர். வெளிநாட்டு வணிகர் உள்ளங்கை அளவுத் தோல் துண்டொன்றை மாதிரியாக அனுப்புவார். அதே நிறம் ஆயிரம் தோல்களில் வரவேண்டும். சாயமடித்த தோலையும் மாதிரியையும் காலை பத்து மணி வெளிச்சத்தில், வடக்குப் பார்த்த சன்னலருகே பிடித்துப் பார்த்து, சிவப்பு ஒரு சிட்டிகை கம்மி என்பார். ட்யூப்லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரு பழுப்புகள் பகலில் வேறுவேறு என்பதை அவருடைய கண்கள் கண்டுபிடித்துவிடும். ஓய்வு பெற்ற பிறகும் முதலாளி ஜியாவுல்லா வாரம் இருமுறை கார் அனுப்பி அவரை அழைத்துக்கொள்வார். அந்த இரண்டு நாள்களுக்காகவே என் கணவர் மற்ற ஐந்து நாள்களை வாழ்ந்தார்.

தோலை மாதிரிக்கு ஏற்ப மாற்றத் தெரிந்த அவர், ஆளுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்வதிலும் தேர்ச்சி பெற்றிருந்தார். ஜியாவுல்லாவின் அறையில் "இன்ஷா அல்லா பாய், முடிச்சிடலாம்" என்பார். அடுத்த பத்தாவது நிமிடம் வாசல் தேநீர்க் கடையில் தொழிலாளர்களோடு நின்று, "மொதலாளிங்கன்னாலே இப்படித்தான்பா" என்பார். பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயிலுக்கு நண்பர் ஒருவருடன் போனால் நெற்றியில் நாமம். வேறொருவருடன் சிவன் கோயிலுக்குப் போனால் அதே நெற்றியில் பட்டை. தேர்தலில் இரண்டு கட்சியினர் வாக்குக் கேட்டு வந்தனர். இருவருக்கும் வாக்குறுதி கொடுத்தார், இருவரிடமும் மனமாரவே. பொய்யருடன் வாழ்ந்துவிடலாம், பொய்யருக்கு உள்ளே ஓர் உண்மை இருக்கும், ஒளித்துவைக்கவாவது. இவரிடம் அதுவும் இல்லை.

இந்நிலையில் மீன்களைப் பற்றிச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

இரண்டாம் ஆண்டு மாணவியருக்கு நான் ஒரு செய்முறை வைத்திருந்தேன். ஏரியிலிருந்து ஜிலேபி மீன் குஞ்சுகள் வரும். ஒன்றை வெள்ளைத் தொட்டியில் விடுவேன். சில நிமிடங்களில் அது வெளுத்துவிடும். இன்னொன்றைக் கறுப்புத் தொட்டியில் விடுவேன், அது கறுத்துவிடும். மீனின் தோலில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. அவற்றின் கருந்துகள்கள் நடுவில் குவிந்தால் மீன் வெளுக்கும். கிளைகளெங்கும் பரவினால் கறுக்கும். எதைச் செய்வதென்று தோல் முடிவு செய்வதில்லை, கண் முடிவு செய்கிறது. மேலிருந்து விழும் ஒளியையும் தரையிலிருந்து எழும் ஒளியையும் அது ஒப்பிட்டுப் பார்த்து, தரைக்கு ஏற்றபடி உடலுக்கு ஆணையிடுகிறது. அதே தரையில் வாரக்கணக்காக வைத்திருந்தால் நிறமிச் செல்களின் எண்ணிக்கையே மாறிவிடும். தொழிற்சாலையில் நாற்பது ஆண்டுகள் இருந்தவரைப் பற்றி நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது மீனுக்குக் கண்கள் இரா. முந்தைய நாளே நானே அவற்றை நீக்கிவிடுவேன். மாணவியரிடம் விட்டால் மீன் செத்துவிடும். அந்த மீனை வெள்ளைத் தொட்டியில் விட்டாலும் கறுப்பாகவே நிற்கும். எந்தத் தரையைக் காட்டினாலும் மாறாது. ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "மிஸ், அப்போ கருப்புதான் அதோட சொந்தக் கலரா? இல்ல, ஒண்ணும் தெரியாததால அப்படி ஆயிடுச்சா?" என்று கேட்டாள். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்று சொல்லி உட்காரவைத்தேன்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். பக்கத்து வீட்டு மதியழகன் கழிவுத் தோல் துண்டுகளை வாங்கி விற்பவர். மூட்டைகளை எங்கள் தெருவிலேயே அடுக்குவார். மழை பெய்தால் அந்த நாற்றத்தில் உணவு இறங்காது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். முதல் கையெழுத்து என் கணவருடையது. மறுவாரம் விசாரிக்கச் சென்றபோது, அங்கிருந்த அலுவலர் மேசைமீது இரண்டு தாள்களைப் பக்கம்பக்கமாக வைத்தார்.

"மேடம், இன்னா இது? நாத்தம் தாங்கலன்னு இது. நாத்தமே இல்லன்னு அது. ரெண்டுலயும் சார்தான் மொத கையெழுத்து."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "சாருக்கு ரெண்டு மூக்குபோல" என்றார். நான் வீடு திரும்பிக் கணவரிடம் கேட்டேன்.

"ஏங்க, இதுல எது உங்க கருத்து?"

"ரெண்டும்தான் கமலம். நீ சொல்றப்ப நாத்தம் தாங்கல. மதியழகன் வந்து பக்கத்துல ஒக்காந்து சொன்னான் பாரு, அப்ப அவ்ளோ ஜாஸ்தியா தெரியல."

அதே மாதத்தில் வேலூர்க் கண் மருத்துவர் ஒருவர், என் கணவருக்குக் கண்ணழுத்தம் கூடியிருப்பதாகச் சொன்னார். வலி இராது, பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கித் தேயும், போனது திரும்பாது. காலையும் மாலையும் சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டுவந்தால், இருக்கும் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மருத்துவர் என்னைப் பார்த்து, "நீங்க டீச்சர். உங்க கையில இருந்தா எனக்குக் கவலையே இல்ல" என்றார். திரும்பும் பேருந்து பள்ளிகொண்டாவைக் கடப்பதற்குள் நான் முடிவெடுத்திருந்தேன்.

கண் உள்ளவரை அவர் எவர் முகத்தையேனும் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்த முகமாகவே ஆகிவிடுவார். முகங்கள் தெரியாமற் போனால் ஏதாவது ஒரு நிறத்தில் நிற்பார். அந்த நிறத்தை ஒருமுறை பார்த்துவிட விரும்பினேன். நாற்பத்தைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி இதைக் கேட்பது பேராசை என்று நான் கருதவில்லை.

கொதித்து ஆறிய நீரில், கண்ணீரில் உள்ள அளவுக்கு உப்பைக் கலந்தேன். மருந்து தீர்ந்த குப்பியைக் கழுவி அதை நிரப்பினேன். காலை ஏழு, மாலை ஏழு. ஒருநாளும் தவறியதில்லை. ஆறு மாதங்களுக்குப் பிறகு மருத்துவர் இரண்டாவது மருந்தொன்றைச் சேர்த்து, இரண்டுக்குமிடையே ஐந்து நிமிடம் விடச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தே சொட்டு விட்டேன். நீருக்கும் நீருக்குமிடையே ஐந்து நிமிடம். ஒழுங்கு என்றால் ஒழுங்குதான். பின்னர் மருத்துவர், "மருந்து கேக்கவே மாட்டேங்குது, ஆபரேஷன் செஞ்சிடலாம்" என்றார். என் கணவர் என் பக்கம் திரும்பினார். இந்த வயதில் கத்தி எதற்கு என்றேன். உடனே அவர், "இந்த வயசுல கத்தி எதுக்கு டாக்டர்?" என்றார்.

உண்மையான மருந்தை நான் வீணாக்கவில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க மாதனூரிலிருந்து வரும் கெங்கம்மாளுக்கும் அதே நோய். இலவச முகாமில் எழுதிக் கொடுத்த அதே மருந்தை அவளால் மாதந்தோறும் வாங்க இயலவில்லை. ஆகவே நான் வாங்கும் புதிய குப்பி அவளுக்குப் போகும். காலியானதும் என்னிடம் திரும்பி வரும். ஒரே நோய், ஒரே காலம், ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு நீர். எந்த ஆய்வுக்கும் இத்தகைய ஒப்பீடு தேவை. என்னைக் கொடியவள் என்று எழுதுவோர் கெங்கம்மாளின் பார்வையையும் ஒரு வரி குறிப்பிட்டால் நியாயமாக இருக்கும்.

முதலாண்டில் அவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். பிறகு படிகளில் தடுமாறினார். பிறகு ஒரு நாள், இரண்டு பழுப்புகளை ஒன்றென்று சொல்லிவிட்டார். ஒரு சுமைத் தோல் கடல் கடந்து போய்த் திரும்பி வந்தது. ஜியாவுல்லா தாமே வீட்டுக்கு வந்தார்.

"மாஸ்டர், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"ஆமா பாய், நானே சொல்லணும்னு இருந்தேன்."

அவர் போனபிறகு என் கணவர் மறுநாளுக்கென்று எடுத்துவைத்திருந்த சலவைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் நிறம் என்னவென்று என்னிடம் கேட்டார். சாம்பல் என்றேன். "நீலம்னு நெனச்சேன்" என்றார். அது நீலந்தான். அவர் தம் கருத்தில் நிற்கிறாரா என்று பார்த்தேன். "சாம்பல்தான்" என்று சொல்லிவிட்டார். ஆய்வுக்கு இன்னும் காலம் தேவைப்பட்டது.

சென்ற ஆண்டின் இறுதியில் அவருக்கு இரண்டு கண்களும் முழுமையாகப் போயின. அதன்பின் அவர் தேநீர்க் கடைக்குப் போகவில்லை. நாமமும் இல்லை, பட்டையும் இல்லை. மதியழகன் ஒரு மாலை வந்து அரைமணி நேரம் பேசிப் பார்த்தார். என் கணவர் சுவரை நோக்கியபடி இருந்தார். அன்று என் குறிப்பேட்டில் 'மாற்றம் இல்லை' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

இது வெளிப்பட்டது பொங்கலுக்கு மறுநாள். கணவரின் தம்பி மகள் ரோஷினி, வேலூரில் செவிலியர், விடுமுறைக்கு வந்திருந்தாள். அன்று கெங்கம்மாள் கரும்பு கொண்டுவந்து என் கணவரிடம் பேசினாள்.

"ஐயா, நல்லா கீறீங்களா? அம்மா மவராசி. மாசாமாசம் சொட்டு மருந்து அதுதான் குடுக்குது. தூரத்துல வர்ற கம்பெனி பஸ்ஸு என் மருமவ வேலைக்குப் போறதா, வேற கம்பெனிதான்னு கலரை வச்சே இப்ப அவளுக்குச் சொல்லிடறேன்."

ரோஷினி எழுந்தாள். "என்ன மருந்து ஆயா?"

"இவரு பேரு எழுதி ஒட்டுன டப்பாதாம்மா."

ரோஷினி அலமாரியிலிருந்த குப்பியை எடுத்துத் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டாள். மருந்து கசக்குமாம். "பெரியம்மா, இது உப்புத் தண்ணி" என்றாள். ஆம் என்றேன். கேட்ட கேள்விக்கு நேரான விடை சொல்வது என் வழக்கம். அவள் அழுததும், கெங்கம்மாள் தன் கண்களைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்ததும் ரோஷினி கொடுத்த புகாரில் இருக்கின்றன.

நேற்று நீங்கள் என் கணவரை வீட்டில் விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னவற்றையும் முழுமைக்காகச் சேர்க்கிறேன். அது மருந்தில்லை என்பது எப்போது தெரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். "மொத வாரமே தெரியும்மா. மருந்துன்னா எரியும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. இது எரியல" என்றாராம். தெரிந்தும் ஏன் கண்ணைக் காட்டினார் என்று கேட்டதற்கு, "சொட்டு விடறப்ப அவ மூஞ்சி அவ்ளோ தெளிவா இருக்கும். அதைப் பார்த்தா, சரியாத்தான் இருக்கும்னு தோணிடும்" என்றாராம்.

இதைக் கேட்டதும் என் முடிவு உறுதிப்பட்டது. தம் கண் போவதிலும் எதிரே இருப்பவருடைய கருத்தை ஏற்றுக்கொள்கிற ஒருவரை வேறு எந்த வழியில் திருத்தியிருக்க முடியும்?

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். என் கணவர் சம்பந்தத்தின் பார்வையை, என்ன செய்கிறேன் என்பதை அறிந்தே, இரண்டு ஆண்டுகளில், என் கையாலேயே நான் அழித்தேன். எவரும் உதவவில்லை, எவரும் தூண்டவில்லை.

பலனையும் பதிவு செய்யுங்கள். "என் சம்சாரம் மேல எனக்கு எந்தப் புகாரும் இல்ல" என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அப்போது நான் அங்கே இல்லை; இந்த நிலையத்தில் இதே நாற்காலியில் இருந்தேன். எந்த முகத்தையும் பாராமல் அவர் சொன்ன முதல் சொல் அது. அதுதான் அவருடைய நிறம். அதைச் சொல்வதற்கு முன் அவர் கையை நீட்டிப் பக்கத்து நாற்காலியைத் தடவிப் பார்த்ததாகவும், "கமலம் இங்கதான இருக்கா?" என்று மூன்று முறை கேட்டதாகவும், இல்லை என்று நீங்கள் சொன்னதை அவர் நம்பவில்லை என்றும் சொன்னீர்கள். அது முடிவைப் பாதிக்காத சிறு விவரம், வேண்டுமானால் அடித்துவிடலாம்.