மழையைக் கடந்து வந்த பாக்கெட்

நீண்ட பேச்சுகளையும் நெடிய பொறுமையோடு தாங்கி நடுவில் வீற்றிருக்கும் தலைவர் முத்துலிங்கம் ஐயா அவர்களே! கொட்டகலைக் கடைவீதியைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! மலையிலிருந்து நேரே இறங்கி, ஈரச் சேலையோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் முன் என் தலை தானாகத் தாழ்கிறது.

யாரைப் பாராட்டக் கூடினோம்? கல்லருவித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அழகம்மாவின் மகள், கணினிப் பொறியாளர் பிரேமினியை! இங்கே தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் இன்சாபை! என்ன செய்தார்கள் இந்த இருவரும்? மலை முனகியதை மனிதர் காதில் விழச் செய்தார்கள்!

கல்லருவியின் மேல்மலை சரியலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போனார்கள். மாற்று வீடு வந்ததா? வரவில்லை. மலைக்குக் கீழே லயம் என்னும் வரிசை வீடுகள், லயத்துக்குள்ளே உயிர்கள். எனவே இந்த இருவரும் மலையுச்சியில் ஒரு கருவியை நட்டார்கள். அது மழையை அளக்கும். மண்ணின் அசைவை உணரும். காற்றலையில் செய்தி அனுப்பும். கோயிலடியில் உள்ள பெட்டி அச்செய்தியை வாங்கி அபாயச் சங்கு ஊதும். சாதாரண வேளையில் ‘இருக்கிறேன்’ என்று ஒரு சொல் வரும். ஆபத்தென்றால் அளவுகளும் படமும் சேர்ந்த ஒரு பெரிய செய்தி வரும்.

வெயிலில் சோதித்தார்கள், சங்கு முழங்கியது. கைதட்டினோம். பிறகு வந்தது ஐயா, ஐப்பசி மழை!

பட்டப்பகல். பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அழகம்மாவின் காலடியில் நிலம் வெடித்தது. “ஓடுங்கடி! மண்ணு பொளக்குது!” என்று அவர் அலறினார். எல்லோரும் தப்பினார்கள். சங்கு ஊதியதா? இல்லை! பெட்டியைப் பார்த்தால், ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று வந்துகொண்டே இருக்கிறது. ஆபத்துச் செய்தியை மட்டும் காணோம்!

தோட்டத் தொழிலாளர் தலைவர் செல்லசாமி கொதித்துப்போனார். “இந்த டப்பாவ நம்பித்தானேம்மா எங்க சனம் மலைக்குப் போச்சு? மொதல்ல கழட்டிக் கொண்டு போயிரு!”

அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைக்கும் இன்சாபிடம் பிரேமினி உடைந்துபோனார். “எங்கம்மாவையே சாகக் குடுக்கப் பாத்தேனே, நானா.”

இன்சாப் சொன்னார்: “அழுவுறத அப்புறம் வச்சுக்குவம் தங்கச்சி. சின்னது வந்திருக்கு, பெருசு வரல்ல. அது ஏன்?”

அந்தக் கேள்விதான் திறவுகோல்! செய்தி ‘பாக்கெட்’டாகப் போகிறது. என்ன தாயே, தேயிலைப் பாக்கெட்டா என்கிறீர்களா? இல்லை, இது செய்திப் பொட்டலம். “கேக்குதா?” “கேக்குது” என்று இருபுறமும் பேசி உறுதிசெய்து அனுப்புவது ஒரு முறை. கேட்காமல், பதிலுக்குக் காத்திராமல் அனுப்பிவிடுவது இன்னொரு முறை. புயலில் கேட்டுக்கொண்டு நிற்க நேரமேது என்று பிரேமினி இரண்டாவதை எடுத்திருந்தார். ஆனால் பாக்கெட்டுக்கு ஓர் அளவு உண்டு. மீறினால் துண்டு துண்டாகிப் பயணிக்கும். மழையில் ஒரே ஒரு துண்டு தொலைந்தாலும், வந்து சேர்ந்த மற்றத் துண்டுகளையும் வாங்கும் பெட்டி வீசிவிடும். அனுப்பிய கருவிக்கோ அது தெரியவே தெரியாது! எவ்வளவு பயங்கரம் பாருங்கள்! ஆபத்து வந்தால்தான் செய்தி பெரிதாகும். பெரிதானதால்தான் அது தொலைந்தது!

பிரேமினி அந்தச் செய்தியைப் பிரித்தார். ஒவ்வொன்றும் அளவுக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தே பொருள் தர வேண்டும். அளவுகள் பின்னால் வரட்டும். படம் வராமலே போகட்டும். முதலில் ஒரே சொல்: ‘இறங்கு’. அதையும் வரிசை எண்ணோடு திரும்பத் திரும்ப அனுப்பச் செய்தார்.

“மறுபடியும் ஏமாத்திருச்சுன்னா?” என்றார் செல்லசாமி.

“கொட்டுற மழையில நானே மேல நின்னு சோதிக்கிறேன் மாமா. சங்கு ஊதலன்னா நீங்களே பேத்து எறிஞ்சிருங்க.”

நின்றார்! மண் உணரியை அசைத்தார். கீழே சங்கு அலறியது. செல்லசாமி, “சரி, இருக்கட்டும்” என்றார்.

கார்த்திகை பிறந்தது. மூன்றாம் நாளாகப் பெய்த மழையில், மத்தியான வேளையில், யாரும் சோதிக்காமலே சங்கு முழங்கியது! மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். லயத்திலிருந்து கிழவரைத் தோளிலும் குழந்தையை இடுப்பிலும் தூக்கிக்கொண்டு கோயில்மேட்டில் ஏறினார்கள். ஏறி மூச்சு வாங்கும் முன்னே, ஐயா, மலை வந்தது! மரத்தோடு வந்தது! பாறையோடு வந்தது! லயம் நின்ற இடத்தில் சேறு நின்றது. ஆனால் ஓர் உயிர், ஒரே ஓர் உயிர் போயிற்றா? போகவில்லை!

இன்சாப் பெட்டியைத் திறந்து பார்த்தார். வரிசை எண்களில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி. அனுப்பியவற்றில் பெரும்பாலானவை மழையில் தொலைந்திருந்தன. வந்தவை சில, ஆனால் வந்தவை முழுசாக வந்தன. ‘இறங்கு’ என்று கடைசியாகச் சொல்லிவிட்டுக் கருவியும் மலையோடு புதைந்தது. எண்ணும்போதே என் உடல் சிலிர்க்கிறது!

சேற்றுக் கையால் மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழகம்மா சொன்னார்: “ஒஞ் சத்தம் கேட்டுச்சு புள்ள.”

பெரியோர்களே! அந்தக் குடும்பங்கள் இன்று பள்ளிக்கூட மண்டபத்தில் படுக்கின்றன. சங்கு காப்பாற்றிய உயிருக்குத் தரை வேண்டாமா? வேண்டும்! உறுதியான நிலத்தில் உரிமையுள்ள வீடு வேண்டும்! திம்புள்ளயிலும் உடப்புசல்லாவையிலும் இதேபோல் மலையடியில் உறங்கும் மக்களுக்கும் வேண்டும்! அது கிடைக்கும்வரை மலைக்கு மலை கருவி நடுவோம். கேட்டுப் பெறும்வரை ஓயமாட்டோம்!

பிரேமினி, இன்சாப், முன்னே வாருங்கள். மக்களே, எழுந்து நில்லுங்கள். உங்கள் கைகள் பேசட்டும்! மழையிலும் கலையாமல் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி, கரம் குவித்த வணக்கம்!