ஆறடி ஆறங்குலம்

இந்த நாற்காலியைக் கொஞ்சம் இறக்கித் தர முடியுமா? கால் தரையில் பாவவில்லை. போதும், நன்றி.

நீங்கள் ஃபுட்பால் பார்ப்பதில்லை என்று சொன்னீர்கள். ஒருவிதத்தில் அது நல்லதுதான். பார்க்கிறவர்கள் எல்லோரும் முன்பே ஒரு முடிவோடு வந்து உட்காருவார்கள். பெயர்தான் ஃபுட்பால், பந்தைக் கையால் எறிவதுதான் இதில் முக்கியம்; எறிகிற குவார்ட்டர்பேக் என்பவன் ஆட்டத்தின் மூளை. பந்து அவன் கைக்கு வந்ததும், யாருக்கு எறிவது என்று கண் இமைக்கும் நேரத்தில் அவன் முடிவெடுக்க வேண்டும். அவனுக்கு முன்னால் மலை மலையாக ஆட்கள் மோதிக்கொண்டு நிற்பார்கள். குள்ளனாக இருந்தால் அவர்களைத் தாண்டிப் பார்க்க முடியாது, அவன் எறியும் பந்தைக் கையை நீட்டித் தட்டிவிடுவார்கள் என்பது தொழிலில் எல்லோரும் சொல்வது. நான் அதை ஒப்புக்கொண்டதே இல்லை. எந்த உயரக்காரனும் தலைகளுக்கு மேலே பார்ப்பதில்லை. ஆட்களுக்கு நடுவே திறக்கும் சந்தில்தான் பார்க்கிறான். சந்து எங்கே திறக்கும் என்று தெரிந்தவனுக்கு உயரம் எதற்கு?

கல்லூரி கல்லூரியாகப் போய் ஆட்களைப் பார்த்து எடைபோட்டு, யாரை எடுக்கலாம் என்று எங்கள் கிளப்புக்குச் சொல்வது என் வேலை. நானும் ஒரு காலத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடியவன்தான். டிராஃப்ட் அன்று, கிளப்புகள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பையன்களை எடுத்துக்கொண்டிருந்தபோது, என் பெயரை யாரும் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அப்போது அப்படித்தான்.

அந்த வருஷம் இரண்டு பையன்கள் இருந்தார்கள். அலபாமாவில் மொபீல் என்ற துறைமுக ஊரிலிருந்து ஓட்டிஸ் லவெல். ஏறக்குறைய என் உயரம். அவன் கையிலிருந்து பந்து போவதைப் பார்த்த அன்று நான் காரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னொருவன் நெப்ராஸ்காவில் சோளக் கொல்லைகளுக்கு நடுவே வளர்ந்த கோல்பி ஸ்ட்ராண்ட். ஆறடி ஆறங்குலம். எந்த அறைக்குள் வந்தாலும் குனிந்து வருவான், வந்ததும் மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரிப்பான்.

எங்கள் மேலாளர் மார்வின் டெக்கர் எல்லோரையும் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஏம்பா லென், உன் ஆளு ஸ்டூல் போட்டு நின்னு எறிவானா, இல்ல அதையும் நாமளே தூக்கிட்டுப் போகணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பந்து எவன் கையிலருந்து சீக்கிரம் போகுதுன்னு பாருங்க" என்றேன்.

"போறதையும் பாத்தேன். எவன் மார்ல பட்டுத் திரும்பி வருதுன்னும் பாத்தேன்."

டிராஃப்டில் முதல் ஆளாகக் கோல்பியை எடுத்தார்கள். கடைசி ஆளாக ஓட்டிஸை எடுத்துவிட்டு டெக்கர் என் தோளைத் தட்டினார். "இந்தா, உனக்கும் ஒரு பொம்மை வாங்கியாச்சு. அழாத."

இரண்டு பையன்களும் சேர்ந்தே ஒரு வீடு எடுத்துக்கொண்டார்கள். ஓட்டிஸ் இறால் வறுப்பான், கோல்பி பாத்திரம் கழுவுவான். அவர்களுக்குள் பொறாமை இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். இல்லை. கோல்பி களத்தில் இறங்கி ஆடினான், ஓட்டிஸ் ஓரத்தில் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கைதட்டினான். அந்தக் கைதட்டலைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும், கோல்பி மோசமாக ஆடவில்லை. நாங்கள் ஜெயித்துக்கொண்டும் இருந்தோம். ஒரு தப்பான காரணத்துக்காக எடுத்த ஆள் நன்றாக ஆடிவிட்டால், அதன்பிறகு அந்தக் காரணத்தைத் தப்பென்று யாருக்கும் புரியவைக்க முடியாது.

அக்டோபரில் ஒரு ஆட்டத்தில் கோல்பி பின்மண்டை தரையில் பட விழுந்தான். எழுந்து ஆடி முடித்தான். சில நாள் கழித்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"சார், யார்ட்டயும் சொல்லாதீங்க. வெளிச்சம் பட்டாலே தலை வெடிக்குது. சாப்பிட்டது எதுவும் தங்க மாட்டேங்குது. இடது பக்கம் ஏதாச்சும் இருந்தா தெரியவே இல்ல. நேத்து ஓட்டிஸ் பக்கத்துலயே உக்காந்திருக்கான், நான் அவனைத் தேடறேன்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"அதான் உங்களைக் கேக்க வந்தேன். சொல்லிடட்டுமா?"

"சொன்னா உக்கார வெச்சிருவாங்க. அப்புறம் இந்த ஊர்ல உன்னை ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்கப்பா."

"ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்க சார். நான் ஆடி இதுவரைக்கும் டிவியிலதான் பாத்திருக்காங்க."

"அப்ப ஆடு. முதல் வருஷம் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்."

கிளப் மருத்துவர் என்னென்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். சில வார்த்தைகளைச் சொல்லி, பிறகு திருப்பிச் சொல்லச் சொல்வார். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். வார்த்தைகளை எப்படி ஒரு கதையாகக் கோத்து மனதில் வைத்துக்கொள்வது, நிற்கும்போது எந்தச் சுவர் மூலையைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் பொறுமையாகக் கற்றுக்கொண்டான். போகும்போது நன்றி சொன்னான். அவன் கேட்டான், நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

அதன் ஆபத்து எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். கல்லூரியில் என்னோடு அறையில் தங்கியிருந்தவன் தியோ வெக்ஸ்லர். முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இரண்டாம் அடி வாங்கியவன். இன்றைக்கும் அவனுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது. கிறிஸ்துமஸ் தோறும் போய்ப் பார்ப்பேன். என்னை யாரென்று அவனுக்குத் தெரியாது. அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் மருத்துவருக்கே தெரிந்திருக்காது.

ஆட்டத்துக்கு முதல் நாள் கோல்பியின் அம்மா வெர்னா என்னைத் தேடி ஹோட்டல் வரவேற்பறைக்கு வந்தார். இலவங்கப்பட்டை தூவி வீட்டில் சுட்ட ரொட்டிச் சுருள்களை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார்.

"இந்த ஊர்ல அவனுக்கு நீங்கதான் அப்பா மாதிரின்னு சொல்வான். கொஞ்ச நாளா போன்ல சரியாவே பேச மாட்டேங்கிறான். உடம்புக்கு ஏதாவதுங்களா?"

"அலுப்பும்மா. ஆடி முடிச்சா சரியாயிரும்."

"நீங்க சொன்னா சரி" என்று டப்பாவைத் திறந்து நீட்டினார். நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நானும் நினைத்தேன். ஆனால் அதற்குள் விஷயம் என் கையை மீறிப் போய்விட்டிருந்தது. எதிர் அணியில் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் என் பழைய சிநேகிதர். அவருக்கு முந்தைய நாளே போன் செய்திருந்தேன்.

"உங்க நெட்டையன் எப்படி இருக்கான்?" என்று அவராகவே கேட்டார்.

"நல்லா இருக்கான். ஆனா இடது பக்கத்துலருந்து வந்தீங்கன்னா பாக்க மாட்டான்."

அவர் சிரித்தார். காரணம் கேட்கவில்லை, என் மனைவியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். வலது கையால் எறிகிறவனுக்கு இடது பக்கம் எப்போதுமே மறைவுதான். அதைக் காக்க ஒரு ஆள் நிற்பான். அவனைத் தாண்டி யாராவது வந்தால் எறிகிறவன் ஓரக்கண்ணால் பார்த்து உடம்பைச் சுருக்கிக்கொள்வான். கோல்பிக்கு அந்த ஓரக்கண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அந்தப் பக்கமாக வந்தவன் முழு வேகத்தில் வந்தான். கோல்பி நிமிர்ந்து நின்று தூரத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தான்.

விழுந்த பிறகு அவன் கைகள் இரண்டும் விறைத்து மேலே தூக்கியபடி நின்றன. கூட்டத்தில் இருந்த வெர்னா எழுந்து, கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, எந்த வழியாகக் கீழே இறங்குவது என்று பக்கத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நான் மேலே கண்ணாடி அறையில் இருந்தேன். அங்கிருந்து என்ன செய்ய முடியும்?

ஓட்டிஸை இறக்கினார்கள். அப்படி ஒரு ஆட்டத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. சந்து திறக்கும் முன்பே பந்து அங்கே போய்க்கொண்டிருந்தது. ஜெயித்தோம். ஒருவரும் கைதட்டவில்லை. டெக்கர் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களா? ஒரு பந்தைக்கூட எவனும் தட்டல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வெளிய போ லென்."

கோல்பி இருக்கிறான். நெப்ராஸ்காவில் வெர்னா ஊட்டிவிடுகிறாராம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட்டிஸ் என்னைப் பார்க்க வந்தான்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததை அன்னைக்கே கோல்பி எங்கிட்ட சொல்லிட்டான் சார். நான் வாயை மூடிட்டு இருந்தேன். எனக்கும் ஆடணும்னு இருந்துச்சு. இப்ப பந்தைத் தொட்டா அவன் கை ரெண்டும்தான் தெரியுது."

"ஓட்டிஸ், நான் பாத்ததிலேயே பெரிய ஆட்டக்காரன் நீ."

"நீங்க என்னைப் பாக்கவே இல்ல சார். கண்ணாடியில உங்களையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவன் ஊருக்குப் போய் மாமாவின் இறால் படகில் ஏறிவிட்டான். போகும் வழியில் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தப் போன் விஷயம் அவனுக்குத் தெரியாது, அதை நானே சொல்லிவிட்டேன். வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்து எழுதுங்கள். உயரம் ஒரு பொருட்டே இல்லை, அது அன்றைக்கு நிரூபணமாகிவிட்டது. ஓட்டிஸுக்கு இல்லாமல் போனது மனத்திடம். அதை நான் முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க வேண்டும். என் பக்கம் நடந்த தப்பு அது ஒன்றுதான்.