இரண்டாவது சரணத்து மூச்சு

— அந்தக் கேசட்டைத் திரும்பப் போடாதக்கா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்.

— ஏன் போடக்கூடாது? என் வீட்டுல நம்ம அம்மா குரலைக் கேக்கறதுக்கு நான் யாரைக் கேக்கணும்?

— உள்ள அப்பா கத்தறது உனக்குக் கேக்கலையா?

— எட்டு நாளாக் கேட்டுக்கிட்டுத்தானே கிடக்கேன். நீ இன்னிக்குக் காலையில வந்து இறங்கின மகராசன். டாக்டர் என்ன சொன்னாரு? வாதம் வந்து வாய் போனவங்களுக்குப் பழகின குரல் நல்லதுன்னாரு. சரின்னு சாப்பாட்டு நேரமாப் பாத்துப் போட்டேன். முதல் சரணம் வரைக்கும் சும்மா முழிச்சுக்கிட்டு இருந்தாரு. இரண்டாவது சரணம் வந்துச்சோ இல்லையோ, ஐயோ அந்தக் கத்தல்! உசிரோட இருக்கற அந்த ஒரு கையால தட்டைத் தள்ளி விட்டுட்டாரு. ஒரு நாள் இல்ல, தினமும். மூணு வேளையும்.

— அப்ப நிறுத்தியிருக்கலாமே.

— முந்தாநாள் நிறுத்தினேனே. அன்னிக்கே சாயங்காலம் ரேடியோவுல அதே பாட்டு வந்துச்சு, சினிமாவுல அந்தப் பெரிய பாடகி பாடினது. மனுஷன் அப்படியே அடங்கிட்டாரு. ஊட்ட ஊட்ட வாயைத் திறக்கறாரு. அதே மெட்டு, அதே வரி. கட்டினவ பாடினாக் கசக்குது, அவ பாடினா இனிக்குதா?

— நீ நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லக்கா.

— போடா. அந்தக் காலத்துலயே ஊர் பேசிச்சு. அவ எங்க பாடினாலும் சவுண்ட் இன்ஜினியரு நம்ம அப்பாவாத்தான் இருக்கணும்னு அடம் பிடிப்பாளாம். நான் நம்பல. இப்ப நம்பறேன். முதியோர் இல்லத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சு. மத்தியானம் வண்டி வருது.

— வண்டியை வேண்டாம்னு சொல்லு.

— ஆமா சாமி! அவரு மூத்திரத் துணியை நீ வந்து அலசுவியா?

— ஒரு நிமிஷம் உக்காரு. அம்மா போனப்புறம் அவங்க புடவைக்கு அடியில ஒரு பெரிய டேப் சுருள் இருந்துச்சே, இந்தக் கேசட்டுக்கு மூலம், ஸ்டுடியோ டேப்…

— சுத்தம் பண்ணித் தரேன்னு வாங்கிட்டுப் போனியே. ஆறு வருஷம் ஆச்சு.

— நீ போன்ல அழுதப்புறம் போன வாரம்தான் கை வச்சேன். அது டிராக்கு.

— எனக்குத் தெரியாதாக்கும். பெரிய பாடகிங்க வந்து கேட்டுக் கத்துக்கறதுக்காக நம்ம அம்மா மாதிரி வாயில்லாப் பூச்சிங்க முன்னாடியே பாடி வைக்கணும். அப்புறம் பேரு அவளுக்கு, மாலை அவளுக்கு. ஆனா ஒண்ணு. அவ எவ்வளவு குழைஞ்சாலும் அம்மாகிட்ட நிக்க முடியாது. இரண்டாவது சரணத்துல, பாதி வரியில, ஒரு மூச்சு வாங்குவாங்க பாரு, அது அவ பாட்டுல இருக்கா? எனக்கு உசிரே அந்த மூச்சுலதான்டா இருக்கு. என் பிள்ளைங்க ரெண்டையும் அப்படியே பாடித்தான் தூங்க வச்சேன், அந்த மூச்சையும் சேத்து.

— அக்கா… நமக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான்ல?

— அந்தப் பச்சை மண்ணை எதுக்கு இப்ப இழுக்கற? எட்டு மாசத்துல காய்ச்சல்ல போனான். அம்மா ஒரு பாட்டை முடிச்சு வெளிய வந்தப்புறம் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு.

— அப்படின்னு யாரு சொன்னது?

— அப்பாதான். அம்மா அதைப் பத்தி என்னிக்கு வாயைத் திறந்தாங்க?

— அந்த டேப்புலேருந்து வாத்தியச் சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேன். அம்மா குரல் மட்டும் இருக்கு. இந்தா, காதுல மாட்டு. இரண்டாவது சரணம்.

— அம்மாதான்… எவ்வளவு பக்கத்துல பாடறாங்க. இரு. பின்னாடி யாரோ முணுமுணுக்கறாங்க. டேய், இது அப்பாடா.

— என்ன சொல்றாரு?

— “எப்போ? எப்போ உசிரு போச்சு?”ங்கறாரு. “அவகிட்ட இப்பச் சொல்லாதீங்க. இந்த டேக் முடியட்டும்”… அடப்பாவி மனுஷா!

— அக்கா…

— பெத்த பிள்ளை செத்துக் கிடக்குது, இவருக்குப் பாட்டுப் பதிவு முடியணுமா? இவரு மறைச்சது தெரியாமலே அந்தப் பொம்பளை செத்தாளே! அதான் அவ குரல் கேட்டா இவருக்குக் குத்துது. கத்தட்டும். வண்டி வர்ற வரைக்கும் இதையே போடறேன்.

— முழுசாக் கேளேன். அப்பா எங்க இருந்து பேசியிருப்பாரு?

— கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவரு மிஷின் முன்னாடி.

— அம்மா?

— அந்தப் பக்கம், கதவை அடைச்சுக்கிட்டு. ஈ பறந்தாக்கூட உள்ள கேக்காதுன்னு பீத்திக்குவாரே.

— அப்ப அவரு பேசினது அம்மா மைக்குல எப்படி விழுந்துச்சு?

— எனக்கென்ன தெரியும்? நீதானே அந்தத் தொழில்ல இருக்க.

— பாடறவங்ககிட்டப் பேசறதுக்கு மிஷின்ல ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினா இங்க பேசறது அவங்க ஹெட்போன்ல கேக்கும். பதற்றத்துல அப்பா கை அது மேலயே இருந்திருக்கு. அந்தச் சத்தம் ஹெட்போன்லேருந்து கசிஞ்சுதான் மைக்குல ஏறியிருக்கு.

— ஹெட்போன்னா… அம்மா காதுல இருந்ததா?

— ஆமா. அதைக் கேட்டுட்டுத்தான் அந்த மூச்சை வாங்கறாங்க. அப்புறம் மீதியைச் சுருதி விலகாமப் பாடி முடிக்கறாங்க.

— என் தெய்வமே. அதையா நான் என் பிள்ளைங்களுக்கு… அப்பாவுக்கு இது தெரியுமா?

— பேசி முடிச்சுட்டுப் பட்டன் மேல இருந்த தன் கையைப் பாத்திருப்பாருல்ல?

— ஒரே வீட்டுல முப்பத்தெட்டு வருஷம். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல.

— எங்க எந்திரிச்சுப் போறக்கா? கேசட்டைப் போடப் போறியா?

— இல்லடா. அவரு கையைப் பிடிச்சுக்கப் போறேன். அவரு தட்டைத் தள்ளல. அந்த மூச்சு வர்றப்பல்லாம் பட்டன் மேலேருந்து கையை எடுக்கறாரு.