ஊமை ஓட்டத்துக்கு நான் கொடியசைக்க மாட்டேன்

மலையேறி வந்தவளுக்கு மாலையிட்டு வரவேற்ற விழாக்குழுத் தலைவர், மாண்புமிகு பெரியவர் நஞ்சப்பன் ஐயா அவர்களே! சாமை விளைவித்து, தினை விளைவித்து, சரிவிலும் சாயாமல் வாழ்கிற சித்தேரி மலைப் பெரியோர்களே! பந்தலின் வலப்பக்கத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே! அவர்களின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அண்ணி செல்லி அவர்களே! பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் என் ஊரான கம்பைநல்லூரிலிருந்தும் வந்திருக்கிற உறவுகளே! மேடையோரம் கோடு கிழித்து, கோட்டுக்குப் பின்னால் வண்டிகளோடு காத்திருக்கிற காளையரே! அனைவருக்கும் பாஞ்சாலியின் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். வாழ்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. கொடியசைத்துப் போட்டியைத் தொடங்கி வையுங்கள் என்று கையில் கொடியைக் கொடுத்தீர்கள். அந்தக் கொடியை இன்னும் சுருட்டியே வைத்திருக்கிறேன். மண்பாதை பைக் பந்தயங்களில் எத்தனையோ முறை விழுந்து எழுந்தவள் நான். அங்கெல்லாம் வராத பயம் இங்கே வந்திருக்கிறது.

மண்பாதையில் பத்திரமாக வண்டி ஓட்டுவது எப்படி என்று பேசத்தான் அழைத்தீர்கள். ஆசையாய் வந்தேன். மேடையேறும் முன் வண்டிகளைப் பார்க்கப் போனேன். அடடா, என்ன வண்டிகள்! தாரிலும் ஓடும், தரிசிலும் ஓடும். உயர்ந்த இருக்கை, பெரிய முன்சக்கரம், கட்டை கட்டையாய்ப் பல் வைத்த டயர். முதல் ஆளாய் நின்றவன் என் அண்ணன் மகன் அருண்குமார். ‘ஏன்டா, எஞ்சினைச் சூடு பண்ணலையா?’ என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னான்:

“எஞ்சின் எதுக்கு அத்தே? இது ஊமை ஓட்டம். இங்கிருந்து கீழ ஓடை வரைக்கும் சத்தமில்லாம எறங்கணும். எஞ்சின் போட்டா அவுட்டு. மொதல்ல போறவனுக்குக் கெடா பரிசு!”

எஞ்சினை அணைத்துவிட்டா? இந்தச் சரளையிலா? இந்தச் செம்மண் இறக்கத்திலா? என் காதையே நான் நம்பவில்லை. இன்னொருவனைக் கேட்டேன், அவனும் அதையே சொன்னான். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

என்ன சொல்கிறீர்கள், கடைசி வரிசை ஐயா? “காலங்காலமா எறங்கறதுதானுங்க” என்கிறீர்களா? தெரியும். ஏறும்போது எஞ்சின், இறங்கும்போது சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு உருட்டிவிடுவது இந்த மலையின் வழக்கம். பெட்ரோல் மிச்சம் என்று தொடங்கினீர்கள். சிக்கனமாய்ப் பிறந்தது, சாமர்த்தியமாய் வளர்ந்தது, இன்று பந்தல் போட்டு, பம்பை அடித்து, பரிசு கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது!

எஞ்சின் வண்டியை ஓட்டுவதற்கு மட்டும்தானா? இறக்கத்தில் மாட்டுவண்டியைப் பின்னாலிருந்து ஆள் இழுத்துப் பிடிப்பதில்லையா? அந்த வேலையை எஞ்சின் செய்கிறது. முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்குங்கள், பின்சக்கரத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். அதை அணைத்துவிட்டால் உங்களுக்கு மிச்சம் என்ன? பிரேக் மட்டும்தான். வேகம் கூடும், பயம் கூடும், பயத்தில் வலது கை முன்பிரேக்கை இறுக்கும். தாரில் நிற்கிற சக்கரம் சரளையில் நிற்காது, சறுக்கும். சறுக்குகிற முன்சக்கரம் திரும்பாது. திரும்பாத வண்டி எங்கே போகும்?

“பள்ளத்துக்கு!” சரியாகச் சொன்னீர்கள் தாயே. உங்களுக்குத் தெரிகிறது. எல்லாருக்கும் தெரிகிறது. அதுதானே எனக்குத் தாங்கவில்லை!

என் அண்ணன் கிருஷ்ணப்பன், இதோ அமர்ந்திருக்கும் செல்லியின் கணவன், அதோ நிற்கும் அருணின் அப்பன், போன அறுவடையில் இதே இறக்கத்தில் சாமை மூட்டையோடு இறங்கினான். வளைவில் விழுந்தான். தூக்கிய கைகளெல்லாம் இந்தப் பந்தலில்தான் இருக்கின்றன. நஞ்சப்பன் ஐயா, அவன் தலையை மடியில் வைத்திருந்தவர் நீங்கள். அவன் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் கையில் தந்தவரும் நீங்கள். பழைய வண்டி, குலுக்கலில் சாவி கழன்று விழும் என்று எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறான். “ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்திருக்கான்மா” என்று நீங்கள் அழுதது ஊருக்கே கேட்டது.

கேட்ட ஊர் என்ன செய்திருக்கிறது? என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் படியுங்கள்! ‘கிருஷ்ணப்பன் நினைவு ஊமை ஓட்டம்!’ அவனைக் கொன்ற பழக்கத்துக்கு அவன் பெயரா? அவன் விழுந்த வளைவுக்கு அவன் மகனை அனுப்பவா அவன் படத்துக்கு மாலை? ஐயோ, என் நெஞ்சு பதறுகிறதே! உங்களில் ஒருவருக்குமா பதறவில்லை?

சொல்லுங்கள் நஞ்சப்பன் ஐயா, மைக்கிலேயே சொல்லுங்கள். 

“அவன மாதிரி எறங்கறதுக்கு இந்த மலையில ஆளு கெடையாதும்மா. அந்தப் பெருமைக்குத்தான் வெச்சோம். வேற ஒண்ணும் நெனைக்கலம்மா.”

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அறிவேன் ஐயா. அன்பில்தான் செய்தீர்கள். அன்பாய்ச் செய்தாலும் சரளை வழுக்கத்தானே செய்யும்?

ஆகவே ஊமை ஓட்டத்துக்கு நான் கொடியசைக்க மாட்டேன். வேறொரு போட்டிக்கு அசைக்கிறேன். எஞ்சின் ஓடவேண்டும். முதல் கியரிலேயே இறங்கவேண்டும். கால் தரையில் படக்கூடாது. எவன் கடைசியாய் ஓடையைத் தொடுகிறானோ, அவனுக்கே கிடா!

என்ன அருண், முகம் சுருங்குகிறது? “கடைசியா வர்றதுல என்ன கெத்து அத்தே?” என்கிறாயா? வேகமாய் இறங்குவது சரிவின் வேலையடா. கல்லை உருட்டிவிட்டால் கல்லும் வேகமாய்த்தான் இறங்கும். மெதுவாய் இறங்குவதற்குத்தான் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும்!

யாரது எழுந்து நிற்பது? அண்ணியா? கைதட்டாதீர்கள், கொஞ்சம் அமைதி. அண்ணி பேசுகிறார்.

“ஐயா, எங்க வூட்டுக்காரரு பேருல இன்னொரு பொணம் எங்க வூட்டுக்கு வேணாங்க. அவ சொல்றபடி வுடுங்க.”

...ஐயா தலையசைக்கிறார். அந்தப் பேனரைக் கழற்றச் சொல்லிக் கையும் காட்டுகிறார். கும்பிடுகிறேன் ஐயா, குனிந்து கும்பிடுகிறேன்!

காளையரே, கேளுங்கள். முதலில் கண்ணாடியில் தொங்குகிற தலைக்கவசத்தைத் தலையில் மாட்டுங்கள், அதைக் கண்ணாடிக்கு யாரும் வாங்கித் தரவில்லை. கால்தாங்கியில் எழுந்து நில்லுங்கள். முழங்கால்கள் டேங்கை இறுக்கிப் பிடிக்கட்டும், கைகள் தளர்ந்திருக்கட்டும். சரளையில் முன்சக்கரம் கொஞ்சம் ஆடும், ஆடட்டும், அதோடு மல்லுக்கட்டாதீர்கள். சக்கரத்தடியைப் பார்க்காதீர்கள், போகப்போகிற பாதையைப் பாருங்கள். பின்பிரேக்கை மெல்ல மிதியுங்கள். முன்பிரேக்குக்கு இரண்டு விரல் போதும், அதுவும் வளைவுக்கு முன்னால், நேராய் இருக்கும்போதே. வளைவுக்குள் போனபிறகு விரலை எடுத்துவிடுங்கள்.

எங்கே, எஞ்சினைப் போடுங்கள்! இன்னும் ஒரு வண்டி பாக்கி. அருண், உன்னைத்தான்.

போட்டுவிட்டான். இதோ கொடி!

பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், பிழை என்றதும் பேனரை இறக்கிய தலைவருக்கும், எழுந்து நின்ற என் அண்ணிக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். அண்ணி, எட்டிப் பார்க்காதீங்க, இங்கிருந்து வளைவு தெரியாது. காதைக் கொடுத்துக் கேளுங்க. அவன் எஞ்சின் சத்தம் வளைவைத் தாண்டியும் கேட்குது. வணக்கம்.