அவள் சொன்னதில் பாதி

மைசூர் மண்டி மொஹல்லாவில் மாடி அறை தேடுபவர்கள் வாடகையைத்தான் முதலில் விசாரிப்பார்கள். நான் ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டினேன். கீழே கருவாட்டுக் கடை இல்லை, பக்கத்தில் திறந்த சாக்கடை இல்லை என்று தெரிந்த பிறகே முன்பணம் கொடுத்தேன். எனக்கு நாற்றம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் மேடம், என் படிப்பையும் தொழில் முறையையும் கேட்டீர்கள். என் பெயர் ஸ்ரீகண்டன். அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்தவர். நான் உளவியலில் முதுகலை. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் சில காலம் இருந்தேன். பிறகு பெங்களூரில் மனநல ஆலோசனைக்கான பயிற்சி எடுத்தேன். திரும்பி வந்து அந்த மாடி அறையில் ஆலோசனை தொடங்கினேன். வருகிறவரை மையமாக வைப்பது என் முறை. புத்தி சொல்ல மாட்டேன், குற்றம் சொல்ல மாட்டேன். அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்வேன். தன் வழியை அவரே கண்டுகொள்வார். எப்படிப்பட்டவராக இருந்தாலும் மதிப்போடு ஏற்றுக்கொள்ள வேண்டும், விரட்டக் கூடாது.

சொர்ணலதாவையும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டேன். ஹனூர்ப் பக்கத்துக்காரி. அவள் கணவன் மல்லப்பன் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தான். முதுகெல்லாம் படுக்கைப் புண். அவள் அதைத்தான் பேசுவாள்: சீழின் நிறம், துணியோடு ஒட்டிக்கொண்டு வரும் தோல், வழிந்துவிடும் மூத்திரப் பை. பேச்சு போதாதென்று அந்த வாடையும் அவள் சேலையோடு என் அறைக்குள் வரும். அழுவாள், மூக்கைச் சிந்துவாள், அதே கையை என் மேஜைமேல் வைப்பாள். ஒரு நாள் புண்ணைப் போனில் படம் எடுத்து வந்து நீட்டினாள். பார்த்தேன். "எனக்குக் காட்டணும்னு தோணியிருக்கு" என்றேன். யுகாதிக்கு ஒப்பட்டு போளி சுட்டுக் கொண்டுவந்தாள். அந்த விரல்கள் மாவு பிசைந்ததை நினைத்ததும் குமட்டியது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அவள் போனதும் குப்பையில் போட்டேன். நாற்காலியைப் பினாயில் விட்டுத் துடைத்தேன். அவள் வரும் நாளில் எனக்குச் சோறு இறங்காது.

வராதே என்று சொல்ல என் முறையில் இடமில்லை. அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை அவள் வருவாள். நான் யோசித்தது இவ்வளவுதான்.

அவள் பேச்சில் எப்போதும் இரண்டு பக்கம் இருக்கும். "அவரு போய்ச் சேந்துட்டாத் தேவலைன்னு தோணுதுங்க சார். ஆனா கதவத் தொறந்ததும் 'வந்துட்டியா புள்ள'ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பாருங்க. அதுக்கோசரந்தான் ஓடியோடி வாறேன்."

"போய்ச் சேர்ந்துட்டா தேவலைன்னு தோணுது, உங்களுக்கு" என்பேன். அவன் சிரிப்பை மட்டும் விட்டுவிடுவேன்.

நான் எதையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் அவள் வாயிலிருந்து வந்ததுதான். எதைத் திருப்பிச் சொல்கிறோமோ அதைத்தான் வருகிறவர் மேலும் பேசுவார். பயிற்சியில் இது பாலபாடம். போகப்போக அவன் சிரிப்பைப் பற்றி அவள் பேசுவதை நிறுத்தினாள். டாக்டர் அவனுக்குத் தந்த மாத்திரைகளைச் சேர்த்து வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

கடைசியாக வந்த அன்று அழவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

"கஞ்சியில கரைச்சுக் குடுத்துட்டா வலியில்லாமப் போயிருவாருங்க" என்றாள். "சார், நீங்க படிச்சவரு. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அத்தனை மாத்திரையும் சாக்கடையில கொட்டிப்போட்டு என் வேலையப் பாக்கறனுங்க."

நான் சற்று முன்னால் சாய்ந்து, அவள் கண்ணைப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன்: "வேண்டாம்னு யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு இருக்கு, உங்களுக்கு."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவரின் மௌனத்தையும் மதிக்க வேண்டும். மதித்தேன். கடைசியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரிங்க சார், போயிட்டு வாறேன்" என்று எழுந்து போனாள்.

மறுநாள் அவளே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, தன் புருஷனைக் கொன்றுவிட்டதாகச் சொன்னாள். 'சார் ஒண்ணுமே சொல்லலைங்க' என்று என்னைப் பற்றிக் கூறினாளாம். உண்மைதான். என்னைப் பார்க்கும்போது நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். நானாக இருந்தால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டேன், பயிற்சி அப்படி.

அவள் நிஜமாகவே செய்துவிடுவாள் என்று எனக்குத் தெரியாது என்று காலையில் சொன்னேன். அதை மட்டும் திருத்திக்கொள்கிறேன். சொர்ணலதா வாராவாரம் வரும் வியாழக்கிழமை நேரத்தைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி நாள் அவள் மாடிப்படி இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் போன் செய்து, 'அடுத்த வாரத்திலிருந்து அந்த நேரம் உங்களுக்குத்தான்' என்று சொல்லிவிட்டேன்.