கொண்டை முளைக்காத சேவல்

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு மாமனும் மைத்துனனும் உட்கார்ந்திருந்தார்கள். மாமன் மடியில் கொண்டை அறுந்த கொழுத்த சேவல்.

“பல்லிக்கு வால் முளைக்குது, சேவலுக்குக் கொண்டை முளைக்காதா மாமா? நல்லாத் தீனி போட்டா ஸ்டெம் செல் வளரும்னு பேப்பர்ல போட்டிருந்தான்.”

“உன் பேச்சைக் கேட்டு ராகியும் முட்டையுமாப் போட்டேன். தொடைதான் வளந்திருக்கு. உங்கம்மா கோயிலுக்கு நேந்துவிட்ட சேவல்டா. நாய் கடிச்சது தெரிஞ்சா என்னைத்தான் வெட்டுவாங்க.”

“முட்டையா? அது புள்ளைங்கள அதுக்கே குடுத்தீங்களா?”

“சும்மா இருடா! ஊனமானதைச் சாமி ஏத்துக்குமா?”

“தண்ணி தெளிச்சுப் பாருங்க. தலைய ஆட்டிச்சுன்னா சாமிக்குச் சம்மதம். அப்புறம் அம்மா என்ன பேச முடியும்?”

மாமன் பாட்டில் தண்ணீரைத் தெளித்தார். சேவல் தலையை ஆட்டவில்லை. அலகை அகலமாகத் திறந்து காத்திருந்தது.

“இது சம்மதம் இல்ல மாமா, பசி.”